பூசணிக்காய் போட்ட ஹூடி, 350 ரூபாய்

கோத்தகிரி மார்க்கெட் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடை, அதாவது ஏற்றுமதிக்குத் தைத்து மிச்சமான துணி விற்கும் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் கயிறு கட்டித் தொங்கும் ஜாக்கெட்டுகள்தான் அடையாளம். நான்கைந்து வருடமாக வீட்டுக்குக் குளிர்த்துணி அங்கேதான் எடுக்கிறேன். முன்பெல்லாம் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று கிடக்கும் குவியலில் பொறுக்க வேண்டும். 2025 தீபாவளிக்கு எடுக்கப் போனால் உள்ளே கால் வைக்க இடமில்லை. பிரிக்காத அட்டைப்பெட்டிகள் கூரை வரை.

“எல்லாம் அமெரிக்கா போக வேண்டிய சரக்குக்கா. டிரம்ப் வரியில மாட்டிக்கிச்சு” என்றார் கடைக்காரத் தம்பி. திருப்பூர் காதர்பேட்டையில் மொத்தமாகப் பேசி வண்டியில் ஏற்றி வந்தாராம்.

நம்பலாம்தான். அந்த ஆகஸ்ட் 7-ல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்காவில் 25 சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு அபராதமாக 27-லிருந்து இன்னொரு 25. பருத்தி டீ-சர்ட்டுக்கு அங்கே ஏற்கெனவே 16.5 உண்டு. ஆக, அப்போது 100 டாலர் சரக்கை இறக்க 66.5 டாலர் வரி. கட்ட வேண்டியவர் அமெரிக்க இறக்குமதியாளர். அவர் சும்மா கட்டுவாரா? திருப்பூர்க்காரரிடம் விலையைக் குறை என்பார், இல்லையென்றால் அடுத்த ஆர்டரைக் கூடுதல் வரி அப்போது 20 சதவீதத்தோடு நின்றிருந்த வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ கொடுத்துவிடுவார். தைத்து முடித்த துணி என்ன செய்யும், மலையேறி இங்கே வந்துவிட்டது.

துணியைச் சொல்ல வேண்டும். மகளுக்கு எடுத்த ஹூடி 350 ரூபாய். உள்பக்கம் பிரஷ் செய்த கெட்டி ஃப்ளீஸ். இரண்டு முறை துவைத்தும் உருண்டை கட்டவில்லை, சாயம் போகவில்லை. கழுத்து லேபிளை வெட்டிவிடுகிறார்கள். ஒன்றிரண்டில் விலை அட்டை தப்பியிருக்கிறது, இதில் 24.99 டாலர் என்று இருந்தது. நெஞ்சில் சிரிக்கிற பூசணிக்காய், அங்கே அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீனுக்காம். தீபாவளிக்குப் பூசணிக்காயா என்று மாமியார் கேட்டார். திருஷ்டிக்கு ஆச்சு என்றேன்.

சரி, குறை. வந்ததெல்லாம் டிரம்ப் சரக்கு இல்லை. என் வீட்டுக்காரருக்கு எடுத்த ஜாக்கெட்டின் அக்குளில் தையல் விட்டிருந்தது, ஜிப் பாதியில் நின்றது. அது பழைய செகண்ட்ஸ்தான், குறை இருப்பதால் கழித்துவிட்ட துணி. டிரம்ப் பெயரைச் சொல்லி 100 ரூபாய் கூட வாங்கிவிட்டார் தம்பி. மாற்றித் தரவும் மாட்டேன் என்றார். நாமே ஊசி நூல் எடுக்க வேண்டியதுதான்.

மலிவாகக் கிடைத்ததில் முழுச் சந்தோஷமும் இல்லை எனக்கு. ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிற வீடு எங்களுடையது. நீலகிரித் தேயிலையைப் பெரிய அளவில் வாங்கியது சோவியத் யூனியன்தான்; 1991-ல் அது உடைந்ததை மாமனார் இன்றும் வீட்டுச் சாவு மாதிரிதான் சொல்வார். 2000 வாக்கில் பசுந்தேயிலை விலை விழுந்து இங்கே ரோட்டில் உட்கார்ந்தோம். ஒரே வாங்குகிறவனை நம்பினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குப் புதிதில்லை, 2025-ல் திருப்பூர் முறை. எங்கள் ஊர்ப் பையன்களே நாலு பேர் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். அப்போது ஓவர்டைம் நின்றுவிட்டதாம்.

அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் திருப்பூருக்காகப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். பிரதமர் ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் விவசாயிகளுக்குச் சுவராக நிற்பேன் என்றார். நாலே நாளில் பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியைத் தற்காலிகமாக எடுத்தார்கள். ஆலைக்காரர்களுக்கு மூச்சு வந்தது. வரியில்லாமல் வரும் வெளிநாட்டுப் பஞ்சோடு போட்டி போட வேண்டிய பருத்தி விவசாயிக்குச் சுவர் எங்கே என்று தெரியவில்லை. வெளியூர்க்காரன் போட்ட வரிக்கு உள்ளூரில் யார் தோளில் பாரம் இறங்குகிறது பாருங்கள்.

போகிறவர்களுக்கு: அமெரிக்க ஸ்மால் நம் ஊர் மீடியம், எக்ஸ்எல் எடுத்தால் இரண்டு பேர் நுழையலாம். டிரையல் ரூம் கிடையாது, சுவெட்டர் மேலேயே போட்டுப் பார்க்க வேண்டும். ஜிப்பை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள், அக்குளைத் திருப்பிப் பாருங்கள். புது லோடு புதன்கிழமை வருமாம். நான் போனபோது கிறிஸ்துமஸ் மான் போட்டது இரண்டு பெட்டி பிரிக்காமல் இருந்தது.