பெர்செர்க், மடோகா, அபிஸ், டைட்டன்: எது, ஏன் மனதைப் பிடித்துக்கொள்கிறது?

நல்ல டார்க் ஃபேண்டஸி அனிமே (இருண்ட மாயக்கதை சொல்லும் ஜப்பானிய அனிமேஷன்) எது என்று கேட்டால், எதில் ரத்தம் அதிகம், எதில் யார் யார் சாகிறார்கள் என்றுதான் பெரும்பாலும் பதில் வருகிறது. ஆனால் சில தொடர்களில் முக்கியமான ஆள் செத்தாலும் அடுத்த எபிசோடைச் சாதாரணமாக அழுத்திவிடுகிறோம். சிலவற்றில் ஒருவன் முதுகைக் காட்டி நடந்துபோவதற்கே நெஞ்சு அடைக்கிறது. நான் பார்த்தவரை காரணம் இதுதான்: அந்த ஆளை அழிப்பது எங்கிருந்தோ வந்த அரக்கனா, இல்லை அவன் ஆசையாசையாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றா? இரண்டாவதாக இருந்து, அந்த ஆசையை நம் ஆசையாகவும் தொடர் மாற்றியிருந்தால், அப்புறம் அதிலிருந்து வெளியே வருவது கஷ்டம். இந்த அளவுகோலை வைத்து நான்கு தொடர்களைப் பார்க்கலாம். முடிவுகளையெல்லாம் உடைத்துத்தான் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பெர்செர்க்கில் தொடங்குகிறேன். கென்டாரோ மியூராவின் மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதையில்) ஒரே பகுதி இரண்டு தடவை அனிமே ஆகியிருப்பதால் ஒப்பிடுவது சுலபம். 1997இல் ஓஎல்எம் ஸ்டூடியோ 25 எபிசோடில் எடுத்தது ஒன்று. 2012, 2013இல் ஸ்டூடியோ ஃபோர் டிகிரி சி மூன்று படங்களாக எடுத்தது இன்னொன்று. கதை ஒன்றேதான். கூலிப்படை வீரன் கட்ஸ், அவனைத் தன் படையில் சேர்த்துக்கொள்ளும் கிரிஃபித், அந்தப் படையின் பெண் தளபதி காஸ்கா. கடைசியில் கிரகணத்தின்போது தன்னை நம்பி வந்த அத்தனை பேரையும் கிரிஃபித் பிசாசுகளுக்குப் பலிகொடுக்கிறான்.

படங்களில் அந்தக் கிரகணம் மிரட்டலாக இருக்கும். 97 தொடரில் பணப் பற்றாக்குறை கண்ணுக்கே தெரியும். சண்டை உச்சத்தில் ஓர் அசையாத ஓவியத்தைக் காட்டி நகர்ந்துவிடுவார்கள். ஆனாலும் என்னை நிலைகுலைய வைத்தது 97தான். அதில் அந்தப் படையோடு வாழ நமக்கு நேரம் கொடுக்கிறார்கள். காஸ்காவைத் தப்பவைத்துவிட்டு நூறு பேரை ஒற்றை ஆளாகச் சமாளித்து வந்த கட்ஸ், அப்புறம் ஒரு ராத்திரி மேட்டில் நின்றுகொண்டு கீழே முகாமில் எரியும் நெருப்புகளைப் பார்க்கிறான். ஒவ்வொரு நெருப்பும் ஒருவனுடைய சின்னக் கனவு, எல்லாரும் அதைக் கொண்டுவந்து கிரிஃபித்தின் பெரிய நெருப்பில் சேர்க்கிறார்கள், என்னுடையது மட்டும் அங்கே இல்லை என்று காஸ்காவிடம் சொல்கிறான். வாள்வீச்சு கிடையாது, இரண்டு பேர் நின்று பேசுவது மட்டும்தான். மூன்று படங்களிலும் இந்தக் காட்சி இல்லை. 2022இல் அதே படங்களைத் தொலைக்காட்சித் தொடராக மாற்றி வெளியிட்டபோது புதிதாகச் சேர்த்தவற்றில் இதுவும் ஒன்று. இது இல்லாமல் கதை நொண்டுகிறது என்பது எடுத்தவர்களுக்கும் உறைத்திருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நெருப்புப் பேச்சுக்கு விதை அதற்கு முன்பே விழுந்திருக்கிறது. கிரிஃபித் சொன்னான் என்பதற்காக ஒரு பிரபுவைக் கொல்லப் போன கட்ஸ், குறுக்கே வந்த சிறுவனையும் கொன்றுவிட்டு ரத்தக்கறையோடு திரும்புகிறான். அங்கே கிரிஃபித் இளவரசி ஷார்லட்டிடம் பேசிக்கொண்டிருக்கிறான். என் ஆட்கள் அருமையானவர்கள், ஆனால் நண்பர்கள் என்று சொல்ல மாட்டேன், அடுத்தவன் கனவில் தொங்காமல் தனக்கென ஒரு கனவு வைத்திருப்பவனைத்தான் எனக்குச் சமமான நண்பனாக நினைப்பேன் என்கிறான். கீழே நின்று கேட்கும் கட்ஸ் வாயைத் திறக்கவில்லை. பிற்பாடு அவன் படையை விட்டுக் கிளம்புவது அந்தச் சமத்துவத்தைத் தேடித்தான். அவன் கிளம்பியதுதான் கிரிஃபித்தை உடைக்கிறது. பனியில் ஒரே வீச்சில் சண்டை முடிந்து, மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும் கிரிஃபித்தைத் தாண்டிக் கட்ஸ் நடந்துபோகிறான். அதற்கப்புறம் கிரிஃபித் இளவரசியின் அறைக்குள் போய் மாட்டிக்கொள்வது, சிறை, ஓராண்டுச் சித்திரவதை, கிரகணம் எல்லாம் சங்கிலிபோல வந்து விழுகின்றன. நண்பன் மதிக்க வேண்டும் என்ற ஆசைதான் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி. பிசாசுகள் கடைசியில்தான் வருகின்றன.

குறையையும் சொல்லிவிட வேண்டும். 97 தொடர் கிரகணத்தின் நடுவிலேயே அந்தரத்தில் நின்றுவிடுகிறது. முதல் எபிசோடில் இரும்புக் கையும் ஒற்றைக் கண்ணுமாக வரும் கட்ஸைப் பார்த்திருப்பதால்தான் அவன் பிழைத்தான் என்றே தெரியும்.

மடோகா மாஜிகாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை. 2011இல் ஷாஃப்ட் ஸ்டூடியோ எடுத்த 12 எபிசோட்தான். கியூபே என்ற பிராணி ஒரு வரம் தருகிறேன் என்கிறது. பதிலுக்குச் சிறுமிகள் மந்திரப் பெண்களாகிச் சூனியக்காரிகளோடு போரிட வேண்டும். கடைசியில் அந்த மந்திரப் பெண்களே சூனியக்காரிகளாக மாறிவிடுவார்கள் என்பதைச் சொல்வதில்லை. மூன்றாம் எபிசோடில் மாமி என்ற மூத்த மந்திரப் பெண் சாவதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். அது அதிர்ச்சி, ஒரு தடவை வேலை செய்யும். எனக்கு அதைவிட நாயகி மடோகாவின் தோழி சாயகா முக்கியம். தான் நேசிக்கும் வயலின் கலைஞனின் செயலிழந்த கை குணமாக வேண்டும் என்று வரம் கேட்கிறாள். கை குணமாகிறது, கியூபே பேச்சுத் தவறவில்லை. ஆனால் தன் உயிர் ஒரு கல்லுக்குள் போய்விட்டது, உடம்பு வெறும் கூடு என்று தெரிந்தபின் அவளால் அவன் முன்னால் போய் நிற்க முடியவில்லை. தோழி ஹிதோமி வந்து, அவனிடம் என் காதலைச் சொல்லப்போகிறேன், அதற்கு முன் உனக்கு ஒரு நாள் தருகிறேன் என்கிறாள். அந்த ஒரு நாள் எனக்கு எந்த அரக்கனைவிடவும் கொடுமையாகப் பட்டது.

அப்புறம் பத்தாம் எபிசோட். அதுவரை கல்நெஞ்சுக்காரியாகத் தெரிந்த ஹோமுரா ஒரு காலத்தில் கண்ணாடியும் இரட்டைப் பின்னலுமாகப் பயந்து நடுங்கிய பெண். மடோகாவைக் காப்பாற்ற அதே நாட்களை மறுபடி மறுபடி வாழ்கிறாள். ஒரு சுற்றின் முடிவில் இரண்டு பேரும் இடிபாடுகளில் விழுந்து கிடக்கிறார்கள். மடோகா தன்னிடம் மிச்சமிருந்த, உயிர்க்கல்லின் கறையைப் போக்கும் விதையை ஹோமுராவுக்குக் கொடுத்துவிட்டு, நான் சூனியக்காரியாக மாறும்முன் என்னைக் கொன்றுவிடு என்று கேட்கிறாள். ஹோமுரா அப்போதுதான் முதல் தடவை அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறாள். ஒருவழியாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாய் என்று மடோகா சந்தோஷப்படுகிறாள். துப்பாக்கி வெடிக்கிறது. வழக்கமாகத் தொடக்கத்தில் வரும் பாட்டை அந்த எபிசோடில் மட்டும் கடைசியில் வைத்தார்கள். ஒன்பது எபிசோடாகக் கேட்டுப் பழகிய பாட்டு, அது ஹோமுராவின் மனதைச் சொல்வது என்று அங்கேதான் புரியும்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால், பெர்செர்க் மனிதர்களால் ஆனது, மடோகா விதிகளால் ஆனது. மடோகா முதலில் அறிவைத் தொட்டு அப்புறம்தான் மனதுக்குள் இறங்குகிறது. இரண்டாவது முறை பார்க்கும்போது இன்னும் வலிக்கும்.

மேட் இன் அபிஸ் 2017இல் வந்தது, முதல் சீசன் 13 எபிசோட். ஆழமான ஒரு பள்ளம். இறங்குவதற்குத் தடையில்லை, ஏறும்போதுதான் சாபம் தாக்கும். மேலடுக்கில் லேசான தலைச்சுற்றல், நான்காம் அடுக்கில் உடம்பெங்கும் ரத்தம், ஆறாவதில் மனித உருவமே போய்விடும். இந்த ஒரு விதியிலேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது. அம்மாவைத் தேடி ரிகோ சிரித்துக்கொண்டே இறங்கும் ஒவ்வொரு படியும் திரும்பிவர முடியாத படி. அவள் போக வேண்டும் என்று நாமும் ஆசைப்படுகிறோம். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆர்வம் நமக்கும் இருக்கிறதே. பச்சைப் பசேல் காட்சிகளும் கெவின் பென்கினின் இசையும் நம்மைக் கூடவே இழுத்துப்போகின்றன.

அதில் சாபத்தால் பாதி விலங்காகிப்போன நனாச்சியின் கதை வருகிறது. ஆறாம் அடுக்கிலிருந்து ஏற்றப்பட்டபோது மிட்டி என்ற தோழிதான் சாபத்தை முழுக்க வாங்கிக்கொண்டாள். இப்போது அவள் பேச்சில்லாத, சாகவும் முடியாத ஒரு சதைப்பிண்டம். தானும் போய்விட்டால் மிட்டி காலத்துக்கும் தனியாகக் கிடப்பாளே என்று, அவளைக் கொல்லும்படி ரிகோவோடு வரும் இயந்திரச் சிறுவன் ரெக்கிடம் நனாச்சியே கேட்கிறது. ரெக் கையை நீட்டிச் சுடப்போகும் கடைசி நொடியில் நிறுத்து என்று கத்தி ஓடிப்போய் இன்னொரு தடவை கட்டிக்கொள்கிறது. அப்புறம்தான் சரி என்கிறது. தனியான ஒரு காட்சி என்று எடுத்தால் நான்கு தொடர்களிலும் இதற்கு ஈடு இல்லை. ஆனால் இதே தொடர் குழந்தைகளின் வேதனையைத் தேவைக்கு மேல் நின்று பார்க்கிறது, அவர்களின் உடலை வைத்துச் செய்யும் கிண்டல்கள் எனக்கு அறவே பிடிக்கவில்லை. அதனால் இதை முதலிடத்தில் வைக்க மாட்டேன்.

அட்டாக் ஆன் டைட்டன் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதர்களைத் தின்னும் ராட்சத டைட்டன்களோடு மனிதர்கள் போரிடும் கதை. இதன் பலம் நாயகன் எரெனிடம் இல்லை, அவனோடு படையில் இருந்த ரெய்னரிடம்தான் இருக்கிறது. இரண்டாம் சீசனில் மதில் மேல் நின்று, மதிலை உடைத்த கவச டைட்டன் நான்தான், பக்கத்தில் நிற்கும் இவன்தான் பிரம்மாண்ட டைட்டன் என்று சந்தைக்குப் போய்வந்த கதைபோலச் சொல்கிறான். நீ களைத்துப்போயிருக்கிறாய் என்று எரென் சமாளிக்கப் பார்க்கிறான். துரோகியின் குற்ற உணர்வும் துரோகம் செய்யப்பட்டவனின் மறுப்பும் ஒரே ஃபிரேமில். பிறகு கடைசி சீசனில், எரெனின் படைத்தோழி சாஷாவைக் கொன்ற காபி என்ற எதிரிநாட்டுச் சிறுமியை முன்னால் நிறுத்திச் சமையல்காரன் நிக்கோலோ கத்தியை நீட்டும்போது, சாஷாவின் அப்பா அதை வாங்கி ஓரமாக வைக்கிறார். இந்த உயரங்கள் இருந்தும், எரென் கடைசியில் நம்மைவிட்டு வெகுதூரம் போய்விடுவதால் முடிவு என்னைச் சிந்திக்க வைத்த அளவுக்கு அழவைக்கவில்லை.

டீமன் ஸ்லேயரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பார்கள். அரக்கனின் தலை போனபின் அவனுடைய பழைய கதையைக் காட்டுகிறார்கள். கண்ணீர் வரும், மறுக்கவில்லை. ஆனால் அவனோடு நாம் பழகவே இல்லை, அதனால் அடுத்த அரக்கன் வந்ததும் காய்ந்துவிடுகிறது.

ஒரு வார இறுதிதான் இருக்கிறது என்றால் மடோகா. சின்ன வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று அந்த ஓவியத்தை நம்பி அபிஸைப் போட்டுவிடாதீர்கள். நீண்ட தொடர், நிறைய ஆட்கள், திருப்பங்கள் வேண்டும் என்றால் டைட்டன். நேரமும் பொறுமையும் இருந்தால் 97 பெர்செர்க்தான். படங்களை முதலில் பார்த்துவிடாதீர்கள். மெதுவாகப் போகிறதே என்று நடுவில் முகாம் காட்சிகளை ஓட்டிவிடவும் வேண்டாம். 25ஆம் எபிசோட் முடிந்தபின் என்ன ஆனது என்று தெரியாமல் தூக்கம் வராது, அதற்கு மங்காவைக் கையில் எடுப்பதுதான் வழி.