ஏற்காட்டு ஈரமும் என் புத்தக பீரோவும்: டை-இன் நாவல்கள், சூப்பர்ஹீரோ தொகுப்புகளோடு எட்டு வருடம்

போன ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. வெயில் லேசாக எட்டிப் பார்த்ததும் முதல் வேலையாகப் புத்தக பீரோவைத் திறந்தேன். கீழ்த்தட்டில் சுவரோரம் இருந்த பேட்மேன் காமிக்ஸ் தொகுப்பு அலையலையாக நெளிந்திருந்தது. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் ஈரம் இறங்கினால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு இழுத்தேன். ஒரு பக்கத்தின் கறுப்பு வானம் அப்படியே உரிந்து எதிர்ப்பக்கத்தில் பேட்மேன் முகத்தின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. அதே தட்டில் இருந்த ஸ்டார் வார்ஸ் நாவல் கொஞ்சம் உப்பியிருந்தது, அவ்வளவுதான். மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் விரித்து வைத்ததும் சரியாகிவிட்டது. விலையில் பேட்மேன் தொகுப்பு அந்த நாவலைப்போல நாலு மடங்கு.

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆனி பிறந்தால் மார்கழி வரை பனியும் தூறலும் மாறி மாறி வரும். இந்த எட்டு வருடத்தில் வாங்கியது, சேலத்துப் பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியது, தம்பி அனுப்பியது எல்லாம் சேர்த்து நூற்றிருபதுக்கு மேல் இருக்கும். அதில் நான் மறுபடி மறுபடி எடுத்தது முப்பதுகூடத் தேறாது. எந்த முப்பது, ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பைத்தியம் வீட்டில் தொடங்கியது. அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரர். சனிக்கிழமை கூலி வாங்கினால் எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு தட்டுவடை செட், இருவருக்கும் சேர்த்து ஒரு காமிக்ஸ். முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த ஆள்தான் எங்கள் முதல் சூப்பர்ஹீரோ. பிறகு ஸ்பைடர் வந்தார் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு ஆள்). சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்தான் பல ஸ்பைடர் கதைகளை எழுதினார் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தபோது, ஏதோ சொந்தக்காரர் ஊரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. ஒரு புத்தகம் வாங்கினால் ஒரு கதை முழுசாகக் கிடைக்கும் என்று அப்போது பழகிய மனசு இன்னும் மாறவில்லை.

முதலில் நாவல்கள். படமோ டிவி தொடரோ உண்டாக்கிய உலகத்துக்குள் இன்னொரு எழுத்தாளர் போய் எழுதுவது டை-இன் நாவல். கடையில் இதற்குப் பெரிய மரியாதை கிடையாது. பட விளம்பரத்தோடு சேர்த்து ஓரமாக வைத்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் ஸ்டார் வார்ஸ் படம் வந்தது 1977 மே மாதம். அதன் நாவல் அதற்கு முன்பே 1976 நவம்பரில் வந்துவிட்டது. அட்டையில் பட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பெயர். எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். அவரே 1978இல் 'ஸ்ப்ளின்டர் ஆஃப் தி மைண்ட்ஸ் ஐ' எழுதினார். படம் ஓடாவிட்டால் குறைந்த செலவில் அடுத்த படமாக எடுக்கலாம் என்று திட்டம் போட்டு எழுதிய கதை அது. அதனால்தான் கதை நடக்கும் கிரகம் முழுக்கப் பனிமூட்டம். பனி இருந்தால் செட் போடும் செலவு மிச்சம். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத ஒரு காலையில் அதைப் படித்தேன். எதிரே இருக்கும் ஆள் தெரியாத அந்தப் பயத்தை ஃபாஸ்டர் எவ்வளவு சரியாக எழுதியிருக்கிறார் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

புதியவற்றில் நான் அதிகம் படித்தது டிமதி ஸான் 2017இல் எழுதிய 'த்ரான்'. இதுவரை நாலு முறை. த்ரான் 1991இல் ஸான் உருவாக்கிய பாத்திரம். 2014இல் பழைய நாவல்கள் எல்லாம் இனி அதிகாரபூர்வக் கதையில் சேராது என்று ஸ்டார் வார்ஸ் நிறுவனமான லூகாஸ்ஃபிலிம் அறிவித்தபோது இவரும் வெளியே போனார். பிறகு கார்ட்டூன் தொடர் வழியாகத் திரும்பி வந்தார், கூடவே இந்த நாவலும் வந்தது. எதிரியின் ஓவியம், சிற்பங்களைப் பார்த்தே அவன் எப்படிச் சண்டை போடுவான் என்று கணிக்கும் தளபதி என்றுதான் எல்லோரும் இவரைப் பற்றிச் சொல்வார்கள். என்னைப் பிடித்து வைத்தது பக்கத்தில் நிற்கும் ஈலை வான்டோ. எங்கோ ஒரு கோடியில் கிடக்கும் கிரகத்துப் பையன். ஒரு வணிக மொழி தெரியும் என்பதற்காக த்ரானுக்கு மொழிபெயர்க்க நிறுத்தப்படுகிறான். தலைநகரத்து ராணுவப் பள்ளியில் இவன் பேச்சு வழக்கைக் கேட்டே மட்டமாகப் பார்க்கிறார்கள். த்ரானுக்குப் பதவி மேல் பதவி வருகிறது. இவன் அதே கீழ்ப்பதவியில் வருடக்கணக்காக நிற்கிறான். சென்னைக் கல்லூரியில் முதல் வருடம் நான் "வாங்கோணும், போகோணும்" என்று பேசியதற்கு வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஸ்டார் வார்ஸ் பெயர் போட்ட புத்தகத்தில் அந்த நாளை மறுபடி சந்திப்பேன் என்று நினைக்கவில்லை. படமே பார்க்காதவர்களுக்கும் இந்த நாவலைத் தைரியமாகக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறேன்.

சார்ல்ஸ் சோலின் ஸ்டார் வார்ஸ் நாவல் 'லைட் ஆஃப் தி ஜெடாய்' 2021 ஜனவரியில் வந்தது. ஒரு கப்பல் மீயொளி வேகத்தில் உடைந்து, துண்டுகள் ஒரு சூரியக் குடும்பத்தின்மேல் பாய்கின்றன. அந்த மீட்புப் பணிப் பகுதி மூச்சு விடாமல் ஓடும். ஆனால் புத்தகத்தை மூடும்போது கதை மூடவில்லை. மீதி வேறு நாவல்களிலும் காமிக்ஸிலும் ஒலி நாடகத்திலும் சிதறிக் கிடக்கிறது. மேலும் மூன்று புத்தகம் வாங்கினேன். நாலாவது நடுவில் யார் யாருக்கு என்ன உறவு என்று நோட்டில் எழுதி வைக்க வேண்டியதாயிற்று. விட்டுவிட்டேன். அடுத்து விண்வெளி டிவி தொடரான ஸ்டார் ட்ரெக். இருபது வருடம் நாவல்களிலேயே வளர்ந்த தனிக் கதையை, 2020இல் வந்த டிவி தொடரோடு ஒத்துப்போகவில்லை என்பதால், 2021இல் 'கோடா' என்ற மூன்று நாவல்களில் முடித்துவைத்தார்கள். முன்கதை தெரிந்தவர்களுக்கு அது பெரிய துக்கம். தெரியாமல் முதல் புத்தகத்தை எடுத்தவர்களுக்கு யாரோ வீட்டு எழவுக்குப் போய் நின்ற மாதிரி இருக்கும்.

சூப்பர்ஹீரோ பக்கம் 2024 நல்ல வருடம். ஜோனதன் ஹிக்மன் எழுதி மார்கோ செக்கெட்டோ வரைந்த புதிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' ஜனவரியில் தொடங்கியது. இதில் ஸ்பைடர்மேனான பீட்டருக்கு முப்பதைத் தாண்டிய வயது, மனைவி, இரண்டு பிள்ளைகள். வழக்கமான கதையில் இறந்துபோகும் பென் பெரியப்பா இதில் உயிரோடு இருக்கிறார். சக்தி வருவதே இந்த வயதில்தான். இரவு வெளியே போகும் மனிதன் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப எழுந்தாக வேண்டும். சண்டையைவிட சாப்பாட்டு மேசைப் பக்கங்கள்தான் எனக்கு நினைவில் நிற்கின்றன.

அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடர், நிக் டிராகோட்டா கூட்டணியின் 'அப்சலூட் பேட்மேன்'. இதில் பேட்மேனான புரூஸ் மாளிகையும் பணமும் இல்லாதவர், வேலையால் எஞ்சினியர். அம்மா உயிரோடு இருக்கிறார். இறந்தது அப்பா மட்டும், அவர் ஆசிரியர்; பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்குச் சுற்றுலா கூட்டிப் போன இடத்தில் துப்பாக்கிச் சூடு. நானும் வருடா வருடம் நாற்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு இறங்குகிறவள். தலை எண்ணி எண்ணியே தொண்டை வறண்டுவிடும். அந்தப் பக்கங்களை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். ரத்தமும் ஒடிந்த எலும்பும் இதில் அதிகம், சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

சின்னவர்களுக்கு என்றால் டாம் கிங் எழுதி பில்கிஸ் எவ்லி வரைந்த 'சூப்பர்கேர்ள்: உமன் ஆஃப் டுமாரோ'. அதையும் பதிமூன்று வயதுக்கு மேல் கொடுக்கலாம். எட்டே இதழ், ஒரே புத்தகம், முழுக் கதை. அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் போகும் ஒரு சிறுமி சொல்லும் கதை இது. கப்பல் பறிபோய், சக்தியும் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்ட சூப்பர்கேர்ளும் அவளும் கூட்டம் நிறைந்த ஒரு விண்வெளி பஸ்ஸில் போகிறார்கள். நான் அதைப் படித்தது சேலத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில். அடிவாரம் வரைதான் படிக்க முடிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவில் யாராலும் காமிக்ஸ் படிக்க முடியாது.

தம்பி மகள் போன மே விடுமுறைக்கு வந்தபோது 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' கொடுத்தேன். கிரான்ட் மாரிசன் எழுத்து, ஃபிராங்க் குவைட்லி ஓவியம். அதன் முதல் பக்கம் சூப்பர்மேன் பிறப்புக் கதையை நாலு கட்டத்தில், எட்டே சொல்லில் முடித்துவிடும். பின்னால் ஒரு பக்கம் வரும். உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள். சூப்பர்மேன் அவள் பின்னால் வந்து நின்று, அவளிடம் பேசி, அணைத்துக்கொள்கிறார். அந்த ஒரு பக்கத்தோடு சரி.

"அத்தே, இவரு சூப்பர்மேன்தானே? கீழ விழுந்தப்புறம் பறந்து போயிப் புடிச்சிருக்கலாமில்ல?"

"விழற வரைக்கும் அவரு காத்துக்கிட்டு நிக்கல, பாத்தியா கண்ணு."

அவள் அந்தப் பக்கத்தை விட்டுக் கொஞ்ச நேரம் நகரவில்லை.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயம். சூப்பர்மேன், பேட்மேன் காமிக்ஸ் போடும் டிசி 2024இல் தொடங்கிய காம்பாக்ட் பதிப்புகள் ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், தொடங்கியபோது அமெரிக்க விலை 9.99 டாலர். கைப்பையில் போகும், மலிவு. 'ஆல்-ஸ்டார்' அந்த அளவில் படிக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒன்பது கட்டம் வைத்த 'வாட்ச்மென்' அந்த அளவில் நாற்பது வயதுக் கண்ணுக்குச் சிரமம். விளக்கடியில் உட்கார வேண்டியிருந்தது. பல தொகுப்புகளை ஒன்றாகக் கட்டி, தலையணை கனத்தில் வரும் ஆம்னிபஸ் புத்தகம் ஒன்று வாங்கினேன். ஆன்லைனில் விற்றவர் வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்ப, இரண்டு மூலையும் நசுங்கி வந்தது. மடியில் வைத்துப் படிக்க முடியாத கனம் வேறு. தையல் பைண்டிங் போட்டவை எட்டு வருடமாக அசையவில்லை. வெறும் பசை பைண்டிங் மலைக் குளிரில் விறைத்து, மூன்றாம் வருடம் பக்கம் பக்கமாகக் கழன்றது. இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலை. பெரிய பலன் என்று சொல்ல மாட்டேன். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்றுவதும், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததும்தான் உண்மையில் வேலை செய்தன.

அந்தப் பேட்மேனைத் திரும்ப வாங்கவில்லை. முகம் மறைந்த அந்தப் பக்கத்தோடு அப்படியே மேல்தட்டில் இருக்கிறது. 'த்ரான்' இப்போது இங்கே இல்லை. தம்பி மகள் சேலத்துக்கு எடுத்துப் போயிருக்கிறாள். ஈலை வான்டோவுக்கு எப்போது பதவி உயர்வு வரும் என்று வாரா வாரம் போனில் கேட்கிறாள். நான் சொல்லவில்லை.