குறைந்த சோடியம் உப்பு: பிபிக்காரர்கள் எந்த பாக்கெட் வாங்கலாம், யார் தொடவே கூடாது

சூப்பர் மார்க்கெட்டில் சாதாரண உப்புக்குப் பக்கத்தில் 'லைட்', 'லோ சோடியம்' என்று போட்ட பாக்கெட்டுகள் இருக்கும். வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து டிஸ்சார்ஜ் ஆன கையோடு பலர் முதலில் மாற்றுவது இந்த உப்பைத்தான். சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் உறையின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து எடுத்தால் பாதி பேருக்குப் பிரயோஜனம் இருக்காது, சிலருக்கு ஆபத்தாகவும் முடியும்.

சாதாரண உப்பு முழுக்க சோடியம் குளோரைடு. 100 கிராமில் சோடியம் மட்டும் 38 முதல் 39 கிராம் இருக்கும். குறைந்த சோடியம் உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு பொட்டாசியம் குளோரைடு கலக்கிறார்கள். எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டாடா சால்ட் லைட் உறையில் 15 சதவீதம் குறைந்த சோடியம் என்று இருக்கும். அதே கம்பெனியின் சூப்பர் லைட்டில் 30 சதவீதம். பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு சோடியம் 33 கிராம் பக்கம் இருந்தால் முதல் வகை, 27 பக்கம் இருந்தால் இரண்டாவது. வேறு எந்த பிராண்டானாலும் இந்த ஒரு எண்ணைப் பாருங்கள், போதும்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பக்கவாதத்தைத் தடுக்கும் என்று இந்த உப்புக்குக் கிடைத்த பெரிய சான்று வட சீனக் கிராமங்களிலிருந்து வந்தது. அங்கே பக்கவாதம் அதிகம், சமையலில் உப்பும் அதிகம். 600 கிராமங்களில் 20,995 பேர். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டி பிபி உள்ளவர்கள். பாதிக் கிராமங்களுக்கு 75 பங்கு சோடியம் குளோரைடு, 25 பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். ஐந்து வருடத்துக்குக் கிட்டத்தட்டப் பின்தொடர்ந்து 2021-இல் முடிவு வந்தது: பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, மொத்த மரணம் 12 சதவீதம் குறைவு. மேல் அளவு பிபி இறங்கியது என்னவோ சராசரியாக 3 புள்ளி சொச்சம்தான். அந்தக் கலவையில் சோடியம் கால் பங்கு குறைவு. ஆக, 15 சதவீத பாக்கெட்டை வாங்கிவிட்டு அந்த 14 சதவீதப் பலனை எதிர்பார்ப்பது சரியாகாது. விலை கட்டுப்படியானால் 25 முதல் 30 சதவீதம் குறைந்ததையே எடுங்கள்.

32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்விலும், பக்கவாதத்துக்கான பத்துக் காரணங்களில் முதலிடம் உயர் ரத்த அழுத்தத்துக்குத்தான். ஜப்பானின் அகிதா மாகாணத்தில் 1950-களில் ஒருவர் தினம் 25 கிராமுக்கு மேல் உப்பு சாப்பிட்டார்கள். மிசோ சூப்பும் ஊறுகாயும்தான் காரணம். அப்போது ஜப்பானில் மரணத்துக்கு முதல் காரணமே பக்கவாதம். நம் நாட்டுக் கணக்கு 8 முதல் 11 கிராம் வரை வருகிறது. உலக சுகாதார அமைப்பு சொல்லும் வரம்பு 5 கிராம்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட ஆய்வகம் எதுவும் வேண்டாம். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதத்தில் காலியானால், தலைக்கு தினம் 8 கிராம். பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள். லைட் உப்புக்கு மாறியபின் பாக்கெட் சீக்கிரம் தீர்ந்தால், யாரோ கூடுதலாக ஒரு சிட்டிகை போடுகிறார்கள் என்று அர்த்தம். 15 சதவீதம் குறைந்த உப்பை 18 சதவீதம் கூடப் போட்டால் சோடியம் பழையபடியே வந்து நிற்கும். 'இதுதான் நல்ல உப்பாச்சே' என்று தாராளமாகப் போடும் கைதான் இந்த சரக்கின் முதல் எதிரி.

ருசி விஷயம். பொட்டாசியம் குளோரைடுக்கு நாக்கின் பின்பக்கம் தட்டும் ஒரு கசப்பு உண்டு. சாம்பார், புளிக்குழம்பு, ரசத்தில் புளியும் மிளகும் அதை மூடிவிடும். 30 சதவீத உப்பு போட்டாலும் தெரியாது. மோர், தயிர் சாதம், கஞ்சி, வெறும் பருப்பு சாதம் ஆகியவற்றில் தெரியும். அங்கே உப்பைக் குறைத்து, எலுமிச்சையோ இஞ்சியோ சேர்த்தால் சமாளிக்கலாம். ஊறுகாய், மோர் மிளகாய், வடாம் போடுவதற்கு இதை எடுக்க வேண்டாம். உப்பு அதிகம் சேரும் பண்டத்தில் கசப்பும் தூக்கலாக நிற்கும். கெடாமல் காப்பதற்கான பழைய அளவெல்லாம் சாதாரண உப்புக்கே போட்டது. அவற்றைப் பழைய உப்பிலேயே செய்து, தட்டில் குறைத்துக்கொள்வதே வழி.

இந்துப்புக்கு மாறியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதுவும் கிட்டத்தட்ட முழுக்க சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசால் பிபி இறங்காது. பல பாக்கெட்டுகளில் அயோடினும் இருக்காது.

இனி யார் தொடக்கூடாது. தினம் 8 கிராம் உப்பில் 25 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு என்றால் 2 கிராம். ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் சிரப்பும் இதே சரக்குதான். 15 மில்லியில் 1.5 கிராம் இருக்கும். நல்ல சிறுநீரகம் இதைச் சிரமமில்லாமல் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகம் வெளியேற்றாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும் கழிவு) கூடியவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையோ பொட்டாசியம் சிரப்போ எடுப்பவர்கள் இந்த உப்பைத் தொடவே வேண்டாம். சாதாரண உப்புக்குப் பதில் இந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்ற உலக சுகாதார அமைப்பின் 2025 பரிந்துரை கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பொருந்தாது.

சிக்கலான கூட்டம் இன்னொன்று: டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில் போடுபவர்கள். இந்த மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். பிபிக்காரர்களில் கணிசமானோர் போடுவது இதில் ஒன்றைத்தான், அதாவது இந்த பாக்கெட்டை முதலில் தேடி வருபவர்கள். மருத்துவரிடம் கேட்டு, கிரியாட்டினினும் ரத்தப் பொட்டாசியமும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பொட்டாசியம் 5-ஐ ஒட்டியோ தாண்டியோ இருந்தால் வேண்டாம். தொடங்கிய பின் மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கு ஆகாது என்றால் தனி டப்பா வைப்பது கைமாறிப் போகும். எல்லோருக்கும் சாதாரண உப்பையே வைத்து, அளவைக் குறைப்பது மேல்.

இந்த உப்பு மாத்திரைக்கு மாற்று இல்லை. வந்த பக்கவாதத்துக்கு மருந்தும் இல்லை. வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். அதற்கு நாலரை மணி நேரம்தான் கெடு. வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

விலை, கிடைக்கும் இடம்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) சென்னை தொற்றுநோயியல் நிறுவனம் சென்னையில் 300 கடைகளைப் பார்த்தபோது, சூப்பர் மார்க்கெட்டுகளில் பாதிக்குச் சற்று மேல் இந்த உப்பு இருந்தது, சின்ன மளிகைக் கடைகளில் வெறும் 4 சதவீதத்தில். அப்போது 100 கிராம் சராசரி 5 ரூபாய் 60 காசு. சாதாரண அயோடின் உப்பு 2 ரூபாய் 70 காசு. அந்தக் கணக்கில் மாதம் ஒரு கிலோ வாங்கும் வீட்டுக்குக் கூடுதல் செலவு முப்பது ரூபாய்க்குள். தெருமுனை அண்ணாச்சி கடையில் கேட்டால் சிலர் இந்துப்பை எடுத்து நீட்டுவார்கள். பின்பக்கத்தில் 'பொட்டாசியம் குளோரைடு' என்று இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.