கொழும்புப் போட்டியா, காரைநகர் முகாமா?

போன கிழமை கராத்தே வகுப்பு முடிந்து பிள்ளைகள் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம், பச்சைப் பட்டிக்காரன் ஒருவனின் தாய் இரண்டு கடிதங்களைக் கையில் பிடித்தபடி வந்தார். ஒன்று ஓகஸ்ட் விடுமுறையில் கொழும்பில் நடக்கும் சுற்றுப்போட்டிக்கான படிவம். மற்றது அதே வாரம் காரைநகரில் நாங்கள் வைக்கும் மூன்று நாள் பயிற்சி முகாமுக்கானது.

"தம்பி, ரெண்டுக்கும் காசு கட்ட ஏலாது. எது பிரயோசனம்?"

முகாமை நடத்துபவர்களில் நானும் ஒருவன். என் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் வருடா வருடம் பிள்ளைகளைக் கொழும்புக்கு ஏற்றிக்கொண்டு போய், பஸ்ஸில் சத்தி எடுத்தவனுக்குத் தேசிக்காய் மணக்கக் கொடுத்து, திருப்பிக் கூட்டிக்கொண்டு வருபவனும் நான்தான். "அடுத்த வகுப்பில சொல்லுறன் அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிரவு போட்ட கணக்குத்தான் இது.

முதலில் நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏறினால் போக 8 மணித்தியாலம், வர 8 மணித்தியாலம். விடிய இறங்கி, முகம் கழுவி, நிறை பார்த்து, பெயர் கூப்பிடும்வரை அரங்கின் படிக்கட்டில் காத்திருக்க வேண்டும். உலகக் கராத்தே சம்மேளன விதிப்படி 14 வயதுக்கு உட்பட்டவர்களின் குமிதே, அதாவது நேருக்கு நேர் சண்டை, ஒன்றரை நிமிடம். எதிராளி 8 புள்ளி முந்திவிட்டால் அதுகூட இல்லை, அந்த இடத்திலேயே முடிந்துவிடும். தோற்றால் மறுவாய்ப்பு உண்டா என்றால் உண்டு, ஆனால் உன்னை வென்றவன் இறுதிப்போட்டிவரை போக வேண்டும். தன்னைத் தோற்கடித்தவன் வெல்ல வேண்டும் என்று நல்லூர்க் கந்தனுக்கு நேர்த்தி வைத்த பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளையின் எதிராளி அடுத்த சுற்றிலேயே வீடு போய்விட்டான். 16 மணித்தியாலப் பயணம், 90 விநாடிச் சண்டை.

முகாமில் காலை இரண்டு மணித்தியாலம், முற்பகல் இரண்டு, வெயில் தாழ இரண்டு. மூன்று நாளில் 18 மணித்தியாலம். எங்கள் வகுப்பு கிழமைக்கு இரண்டு நாள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். ஆக ஆறு கிழமைப் பயிற்சி மூன்று நாளில் கிடைக்கிறது. காசுக் கணக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரித்தான். போட்டிக்குப் பதிவுக் கட்டணம், பஸ் காசு, தங்குமிடம், கடைச் சாப்பாடு, இதெல்லாம் போக சிவப்பிலும் நீலத்திலும் கையுறை, பல்காப்பு, நெஞ்சுக் கவசம், கால்காப்பு. முகாமுக்கு ஒரு பாய், ஒரு துவாய், இரண்டு உடுப்பு.

இதோடு முடித்துவிட்டால் கணக்கு நேர்மையாக இராது. அந்த 90 விநாடியில் நடப்பதை 18 மணித்தியாலம் தராது.

வகுப்பில் பிள்ளைகள் மோதுவது தெரிந்தவர்களோடு. பக்கத்து ஒழுங்கைப் பெடியன் வலக்காலைத் தூக்கப் போகிறான் என்றால் அவன் தோள் அசையும்போதே இவனுக்குத் தெரியும். கொழும்பில் முன்னால் நிற்பவன் யார், எங்கிருந்து வந்தான், எந்தக் காலை முதலில் தூக்குவான், ஒன்றும் தெரியாது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி தரை. சனசமூக நிலையத்துச் சீமெந்திலும் வேப்பமரத்தடி மணலிலும் பழகிய கால், முதன்முறை அந்த ரப்பர் மெத்தையில் ஏறுகிறது. சீமெந்தில் வழுக்கிக்கொண்டு முன்னேறிய பாதம் மெத்தையில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் கெட்டிக்காரி ஒருத்தி முதல் குத்துக்குப் பாய்ந்தாள், பின்கால் வரவில்லை, உடம்பு மட்டும் போனது. இரண்டாம் முறை அவளாகவே பாதத்தைச் சற்றுத் தூக்கி வைத்தாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முகாமில் ஒரு நாள் முழுக்கக் கத்தினாலும் எனக்கு அதை ஊட்ட முடிந்திருக்காது.

மொழியும் ஒரு தடைதான். தொடங்கச் சொல்லும் நடுவரின் "ஹாஜிமே"யும் நிறுத்தச் சொல்லும் "யாமே"யும் எல்லோருக்கும் பொது. ஆனால் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவது சிங்களத்தில். நீளமான தமிழ்ப் பெயர் அங்கே என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. ஒருமுறை எங்கள் பெடியன் தன் பெயர்தான் கூப்பிடப்படுகிறது என்று விளங்காமலே மாங்காய் தின்றுகொண்டிருந்து ஆட்டத்தை இழந்தான். ஏற்பாட்டாளர்களோடு கதைத்துப் பார்த்தோம், பட்டியல் அடுத்தவனுக்குப் போய்விட்டது என்றார்கள். அதற்குப் பிறகு பட்டியல் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரை நிறுத்தாமல் நாங்கள் போவதில்லை.

போட்டி என்று பொதுவாகச் சொன்னாலும் இரண்டு வகை இருக்கிறது. சம்மேளன முறையில் குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலைக்கு உயர்த்தும் உதைக்கும் விழுந்தவன்மேல் சுத்தமாக முடிக்கும் அடிக்கும் 3. பிள்ளைகள் துள்ளித் துள்ளி, தொட்டுவிட்டு ஓடப் பழகுவார்கள். பழைய 'ஷோபு இப்பொன்' முறையில் ஒரே ஒரு முழுமையான அடியோடு ஆட்டம் முடியும், அல்லது இரண்டு அரை அடி. அதில் அவசரப்பட்டவன் தொலைந்தான். மரபுவழி டோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) பழகும் பிள்ளைக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். வகுப்பில் 'ஒரே அடி' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, போட்டியில் 'தொட்டுவிட்டு ஓடு' என்று கத்துவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் பாடசாலை மட்டப் போட்டிகளில் முன்னேற வேண்டுமென்றால் முதல் வகையைப் பழகாமல் முடியாது. வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறுவதற்கான படி அது.

அப்புறம் பதக்கம். நம்மூர்ப் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். சம்மேளன முறையில் ஒவ்வொரு பிரிவிலும் வெண்கலம் இரண்டு. ஒரு நிறைப் பிரிவில் நான்கே பேர் பதிந்திருந்தால் நால்வருக்கும் பதக்கம். ஒரு சண்டைகூட வெல்லாத பிள்ளையின் படம் வெண்கலத்தோடு பேப்பரில் வரும், பாடசாலைக் காலைக்கூட்டத்தில் கைதட்டு விழும். பிள்ளைக்கு அது சந்தோஷம், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் 32 பேர் உள்ள பிரிவில் இரண்டு சுற்று வென்று மூன்றாவதில் தோற்று வெறுங்கையோடு வந்தவன்தான் கூடக் கற்றவன். அவனுக்குக் கைதட்டும் இல்லை, படமும் இல்லை.

போட்டிக்கு எதிராக முதலில் கதைத்தவர்கள் நாங்களல்ல. ஒகினாவாவிலிருந்து 1922இல் ரோக்கியோவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன புனாகோஷி கிச்சின் போட்டிச் சண்டையை விரும்பாதவர். அவர் 1957இல் காலமானார். அதே ஆண்டுதான் ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் அகில ஜப்பான் போட்டி நடந்தது. அதில் கனஸாவா ஹிரொகாஸு முறிந்த கையோடு வென்ற கதையைப் பயிற்றுநர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லாத போட்டி இல்லை. நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது நிறுத்திவிட்டேன். எங்கள் பெடியன் ஒருவன் வீங்கின விரலை உறைக்குள் ஒளித்துக்கொண்டு இரண்டாம் சுற்றுக்குப் போனான். கேட்டபோது, "கனஸாவா செய்தவர்தானே" என்றான்.

ஒலிம்பிக் கனவு காட்டி ஆள் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். 2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே இருந்தது உண்மை. 2024 பாரிஸில் இல்லை, 2028 லொஸ் ஏஞ்சலிஸிலும் இல்லை. ஆசிய விளையாட்டு இருக்கிறது. அதைச் சொல்லுங்கள், போதும்.

சரி, முகாம்.

அந்தச் சொல்லிலேயே நம்மூரில் ஒரு சிக்கல். பேரன் முகாமுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்ட அம்மம்மா ஒருவர், "என்னத்துக்கு? திரும்பவும் பிரச்சினை தொடங்கிட்டுதோ?" என்று கேட்டாராம். முகாம் என்றால் இராணுவம் இருக்கும் இடம், அல்லது இடம்பெயர்ந்தவர்கள் கூடாரத்தில் இருக்கும் இடம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நாங்கள் 'தங்கிப் படிக்கிற வகுப்பு' என்றுதான் சொல்கிறோம். ஜப்பானியச் சொல்லான 'கஷ்ஷுகு'வின் பொருளும் சேர்ந்து தங்குவதுதான்.

பொன்னாலைப் பாலத்தைத் தாண்டிக் காரைநகர் போய், கசூரினாக் கரையில் விடிய இறங்குவோம். சோளகக் காற்று அடிக்கிற மாதம், ஆனால் வெயில் ஏறுமுன் அந்தக் கரை சாதுவாக இருக்கும். ஈர மணலில் குதிக்காலால் ஒரு சிலுவைக் கோடு போட்டு, பிள்ளையை அதில் நிறுத்தி, 'ஹெயான் ஷோதான்' என்ற கட்டாவை, அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அசைவுகளை, செய்யச் சொல்வேன். 21 அசைவு. தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். சீமெந்துத் தரையில் எல்லோரும் சரியாகச் செய்கிற மாதிரித்தான் இருக்கும். மணலில் செய்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் முகம் மாறும். கோடு ஒரு முழம் தள்ளிக் கிடக்கும். முன்காலை மடித்து நிற்கும் நிலையில் இரண்டு பாதத்துக்கும் இடையில் இடுப்பகலம் வேண்டும் என்று மாதக்கணக்காகச் சொல்லியிருப்பேன். மணலில் பார்த்தால் பாதங்கள் கயிற்றில் நடந்தவன் போல ஒரே நேர்கோட்டில் பதிந்திருக்கும். திரும்பும்போது பின்கால் இழுபட்ட கீறலும் தெரியும். நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தன் அடியைத் தானே பார்த்துக்கொண்டு, அடுத்த அலை வந்து அழிக்குமுன் இன்னொரு முறை செய்யும்.

பிறகு முழங்காலளவு தண்ணீரில் நிறுத்துவோம். அங்கே அவசரமாகக் கால் வைக்க முடியாது. இடுப்பைத் திருப்பாமல் காலை மட்டும் இழுக்கிறவன் தண்ணீரில் விழுவான். விழுந்தால் எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான்.

மற்ற நேரம் முழுக்கச் சேர்ந்து சமைப்பது, கூட்டுவது, துடைப்பது. கறுப்புப்பட்டி அண்ணைமார் இடியப்பம் பரிமாற, வெள்ளைப்பட்டிச் சின்னன்கள் முதலில் சாப்பிடுவார்கள். வீட்டில் தட்டுக் கழுவாதவன் இங்கே பத்துத் தட்டுக் கழுவுவான். தாய்மார் இதைத்தான் முகாமின் பெரிய பலன் என்று சொல்கிறார்கள். கட்டாவை அவர்கள் கணக்கில் எடுப்பதேயில்லை.

முகாமின் குறையையும் சொல்ல வேண்டும். பயம் இல்லை. மூன்றாம் நாள் எல்லோரும் கூட்டாளிகள். சுற்றிவரச் சிரிப்பு இருக்கிற இடத்தில் அந்நியன் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழக முடியாது. அடுத்தது, பெண்பிள்ளைகள். பதினைந்து வயதுப் பிள்ளையை இரவு தங்க விடும் வீடுகள் குறைவு. அவர்கள் பொழுதுபட வீட்டுக்குப் போய் விடிய வருவார்கள், இராச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் கதையும் கேள்வியும் அவர்களுக்குக் கிடைக்காது. பொறுப்புக்கு ஒரு ரீச்சர் கூட வந்தால் அதே வீடுகள் கொழும்புக்கு விடுகின்றன. முகாமுக்கும் அப்படி ஒருவரை ஒழுங்குசெய்யாதது எங்கள் பிழை. இந்த முறை இரண்டு அக்காமார் தங்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முகாம் என்ற பெயரில் வேறொன்றும் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து பெரியவர் ஒருவர் வருவார், மண்டபத்தில் இருநூறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், ஒரு பகல் பயிற்சி, பின்னேரம் பட்டித் தேர்வு, கட்டணம், படம். நான் சின்ன வயதில் அப்படி ஒன்றுக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றேன். பெரியவரின் தலைமுடி மட்டும் தெரிந்தது. பட்டி மாறிவிட்டது, வேறொன்றும் மாறவில்லை. அப்படிப்பட்ட முகாமைவிடக் கொழும்பில் 90 விநாடி எவ்வளவோ மேல். காசு கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர்? கடைசி நாள் பட்டித் தேர்வு இருக்கிறதா? இருக்கிறது என்றால் முகாம் அந்தத் தேர்வுக்காகத்தான் நடக்கிறது.

மண்ணிறப் பட்டிக்கு மேலே போனவன் என்றால் நான் யோசிக்காமல் போட்டிக்குத்தான் அனுப்புவேன். அவனுடைய கால் எங்கே நிற்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், பயத்தில் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை, மஞ்சள், பச்சை என்றால் முகாம். போட்டி ஆசையை யாழ்ப்பாணத்துக்குள்ளேயே வருடத்துக்கு ஒருமுறை, பஸ்ஸில் அரை மணித்தியாலத்தில் போய் வரக்கூடிய ஒன்றில் தீர்த்துக்கொள்ளலாம். அங்கேயும் தோற்கலாம். தோற்றுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரலாம். இதில் நான் மாறுவது பாடசாலை அணியில் இடம் கிடைத்த பிள்ளைக்கு மட்டும். உயர்தரத்துக்குப் பிறகு தேசிய மட்டச் சாதனைக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி வழி ஒன்று இருக்கும்போது, நீ முகாமுக்கு வா என்று அந்தப் பிள்ளையை இழுக்க எனக்கு மனம் வராது.

அடுத்த வகுப்பில் இதையெல்லாம் சுருக்கி அந்தத் தாய்க்குச் சொன்னேன். அவருடைய மகனின் விஷயத்தில் முகாம்தான் என்றேன். கொழும்புக்கு அடுத்த வருடம் போகலாம். தலையாட்டிக்கொண்டே கேட்டார். மகன் பின்னால் நின்று, கடலில் நீந்த விடுவார்களா என்று இரண்டு முறை கேட்டான். தாய் கைப்பையைத் திறந்து காசை எண்ணி என் கையில் வைத்தார். பிறகு படிவத்தை மடிக்காமல் ஒரு கணம் நின்றார்.

"தம்பி, முடிய சேர்ட்டிபிக்கேட் ஒண்டு தருவீங்கள்தானே?"

"தருவம் அக்கா."