வண்டியில் வரும் ‘ஒட்டு மாங்கன்று’: வாங்குமுன் பிளாஸ்டிக் பட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்

மாங்கன்று வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு ஏழு வருடம் போய்விட்டது.

2018 ஆடி மாதம். திருச்சியில் எங்கள் தெருவுக்குள் ஒரு குட்டியானை வண்டி நிறையச் செடிகளோடு வந்தது. ‘சந்தூர் ஒட்டுக் கன்று, மூணே வருஷத்துல காய்ப்பு’ என்று ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூர் மாங்கன்றுக்குப் பேர்போன ஊர். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் அப்பா செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு வந்துவிட்டார். இமாம்பசந்த் என்றால் அவருக்கு உயிர். வீட்டு மரத்துப் பழத்தைச் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை.

வண்டியின் முன்பக்கம் ஒரு கன்றில் இரண்டு மாங்காய் தொங்கின. “இதே ஜாதிதான் ஐயா, இமாம்பசந்த்” என்றார் விற்றவர். எல்லாக் கன்றுகளிலும் தண்டின் நடுவே பிளாஸ்டிக் பட்டை சுற்றியிருந்தது. நல்ல ரகத்துக் குச்சியைக் கொட்டைக் கன்றோடு சேர்த்து ஒட்டுக் கட்டிய கன்று என்று நம்ப அது போதுமாக இருந்தது. ஒன்று 400 ரூபாய், இரண்டு வாங்கினோம். ரசீது கேட்டதற்கு, “எதுக்கு ஐயா, அடுத்த மாசம் இதே தெருவுக்குத்தானே வரப்போறேன்” என்றார். அதற்குப் பிறகு அந்த வண்டியை நாங்கள் பார்க்கவே இல்லை.

முதல் கோடையிலேயே ஒரு கன்று காய்ந்துபோனது. பிடுங்கிப் போடும்போது அந்தப் பட்டையைப் பிரித்தேன். உள்ளே தோல் வழவழவென்று இருந்தது. கத்தி பட்ட தடம் இல்லை, முடிச்சு இல்லை, புடைப்பும் இல்லை. கொட்டை போட்டு முளைக்கவைத்த கன்றின் மேல் பட்டையை மட்டும் சுற்றி விற்றிருக்கிறார்கள்! அப்பாவிடம் சொன்னேன். “இன்னொண்ணு நல்லதா இருக்கும்பா” என்றார். அவர் தினமும் காலையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்த பிறகு, அதன் பட்டையைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் வருடம் பூக்கவில்லை, நான்காம் வருடமும் இல்லை. இந்த வருடம்தான் முதல் காய்ப்பு. பழம் கைக்குள் அடங்கும் அளவு, ஒரே நார், நாக்கைச் சுருட்டும் புளிப்பு. அப்பா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. 800 ரூபாயை நான் எப்போதோ மறந்துவிட்டேன். 78 வயதுக்காரரிடம் ஏழு வருடத்தை ஏமாற்றி வாங்கிக்கொண்டு போனதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா வந்து பார்த்தபோதுதான் பல விஷயம் புரிந்தது. நம் ஊர் மா ரகங்களில் பெரும்பாலானவை கொட்டையிலிருந்து முளைத்தால் தாய் மரத்தைப் போல வராது. அதனால்தான் ஒட்டுக் கட்டுகிறார்கள். நல்ல ஒட்டு மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கும். கொட்டைக் கன்று அதைப்போல இரண்டு மடங்கு காலம் எடுத்துக்கொள்ளும். உண்மையான ஒட்டில், மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சாய்வாகவோ ‘வி’ வடிவிலோ வெட்டு ஆறிய தழும்பு தெரியும். விரலால் தடவினாலே தட்டுப்படும். தோலின் நிறமும் அதற்கு மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருக்கும். ஒட்டு நன்றாகச் சேர்ந்த கன்றில் பட்டையைப் பிரித்தால் ஒன்றும் ஆகாது. பிரித்துக் காட்ட மாட்டேன் என்று சொன்னால் வாங்காதீர்கள். தழும்புக்குக் கீழே இருந்து மட்டும் தளிர் வந்திருந்தாலும் வேண்டாம், மேலே கட்டிய குச்சி பட்டுப்போயிருக்கும்.

காய் தொங்கும் கன்றைப் பார்த்தும் மயங்க வேண்டாம். காம்பைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவதும் உண்டாம், அவசியம் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தெரு அக்கா இப்படி ஒரு வண்டியில் பூவோடு ரோஜாச் செடி வாங்கினார். நாலாம் நாள் வாடியதும் தூக்கிப் பார்த்தால், களிமண் உருண்டையில் செருகிய வெறும் குச்சி. ஒரு வேர்கூட இல்லை.

அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும் ஒட்டுக் கன்று கிடைக்கும். போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா ரகமும் எப்போதும் இருக்காது. தனியார் நர்சரி என்றால் ரகத்தின் பெயர் எழுதிய ரசீதை வாங்காமல் வராதீர்கள்.

எங்களைப் போல ஏற்கனவே ஏமாந்தவர்கள் மரத்தை வேரோடு வெட்டிவிடாதீர்கள். சித்தப்பா அறுவடை முடிந்ததும் கிளைகளைக் கழிக்கச் சொன்னார். அப்புறம் வந்த புதுத் தளிர்களில், ஸ்ரீரங்கத்தில் தெரிந்தவர் வீட்டு இமாம்பசந்த் மரத்துக் குச்சிகளைக் கொண்டுவந்து அவரே ஒட்டுக் கட்டினார். வெட்டுவதற்குப் பத்து நாள் முன்பே அந்தக் குச்சிகளின் இலைகளைக் காம்பை மட்டும் விட்டுவிட்டு நறுக்கி வைத்திருந்தார்கள். மொத்தம் ஆறு ஒட்டு, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. நேற்றுக் காலை அப்பா கூப்பிட்டுக் காட்டினார். நாலு உறைக்குள் செம்பு நிறத்தில் துளிர் விட்டிருக்கிறது.