ஜோத்பூரா, ஜெய்சல்மேரா: ஒரு ஊருக்குத்தான் நேரம் என்றால்

தார் பாலைவனத்துக் கோட்டையும் கடைவீதியும் பார்க்கக் கிளம்புகிறவர்கள் கடைசியில் இந்த இரண்டு ஊரில் வந்துதான் தடுமாறுவார்கள். நடுவில் கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர், சாலையில் ஐந்து மணி நேரம். குறுகிய லீவில் இரண்டையும் திணித்தால் பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். இரண்டிலும் சுற்றிய பிறகு நான் ஜோத்பூர் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மணல்மேடும் ஒட்டகமும்தான் வேண்டும் என்றால் பேச்சே இல்லை, ஜெய்சல்மேர் போங்கள். சாம் மணல்மேடுகள் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். போய்ச் சேர்வது ஜோத்பூருக்குச் சுலபம், மன்னார்குடியிலிருந்தே பகத் கி கோத்திக்கு ரயில் உண்டு, அது ஜோத்பூரை ஒட்டிய ஸ்டேஷன். நான் குளிர்காலத்தில் மட்டும் போனவன், அதனால் மே மாத வெயிலுக்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது கோட்டைப் பராமரிப்பு.

ஜெய்சல்மேர் கோட்டை 1156இல் ராவல் ஜெய்சல் தொடங்கியது. மஞ்சள் கல், உள்ளே சமணக் கோயில்கள், சந்துகள், இன்றும் குடியிருக்கும் ஆயிரக்கணக்கான மக்கள். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ராஜஸ்தான் மலைக்கோட்டைகளில் அதுவும் ஒன்று. ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டை அந்தப் பட்டியலில் கிடையாது. ஆனால் ஜெய்சல்மேர் கோட்டைக்கு எதிரி தண்ணீர். குழாய் வராத காலத்தில் கீழே கடிசர் ஏரியிலிருந்து சுமந்து வந்ததை அளந்து செலவழித்த இடம் அது. குழாய் வந்து, வீடுகள் விடுதிகளாகி, அறைக்கு அறை பாத்ரூமும் வந்தபோது பழைய சாக்கடையால் தாங்க முடியவில்லை. கசிந்த நீர் அடியில் இருக்கும் களிமண்ணில் இறங்க, சுவர்கள் சரிந்தன, சில கொத்தளங்கள் இடிந்தன. பழுது பார்க்கிறார்கள்தான், ஆனால் உள்ளே அறை எடுத்துக் குளிக்கும்போது இது ஞாபகம் வந்தால் குளியல் ருசிக்காது.

மெஹ்ரான்கரைத் தொடங்கியது ராவ் ஜோதா, 1459இல். 1972இல் மகாராஜா கஜ் சிங் அமைத்த அறக்கட்டளை அதை நடத்துகிறது. டிக்கெட் விலை கொஞ்சம் உறைக்கும், ஆனால் அந்தக் காசு எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது: யானை அம்பாரிகள், பல்லக்குகள், பூல் மகாலின் பொன் வேலைப்பாடு எல்லாம் தூசி இல்லாமல் இருக்கின்றன. பின்பக்கப் பாறைச் சரிவில் 2006இல் வேலை தொடங்கிய ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்காவையும் விட்டுவிடாதீர்கள். சுமார் 70 ஹெக்டேர் பாறைநிலத்தில் என்ன மண்டிக் கிடந்தது தெரியுமா, நம்ம ஊர் சீமைக்கருவேலம்! பாறையில் துளை போட்டு வேரோடு எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்கே உரிய செடிகளை அதே குழிகளில் நட்டிருக்கிறார்கள். ராமநாதபுரத்துக்காரர் யாராவது அதைப் பார்த்தால் பெருமூச்சு விடுவார்.

ஜெய்சல்மேர் உயிருள்ள கோட்டை, மெஹ்ரான்கர் வெறும் மியூசியம் என்பார்கள். பாதி சரி. ஆனால் மெஹ்ரான்கருக்குள் இருக்கும் சாமுண்டா கோயிலுக்கு ஊர்க்காரர்கள் இன்றும் கும்பிட ஏறி வருகிறார்கள். அப்புறம் ஊரின் உயிர் கீழே மணிக்கூண்டைச் சுற்றிய சர்தார் மார்க்கெட்டில் இருக்கிறது, மிளகாய் மூட்டை, வளையல், பாந்தினித் துணி, தகர டப்பா என்று. நான் பார்த்தவரை அங்கே வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். ஜெய்சல்மேர் கோட்டைக்குள் கடைகள் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்காகவே விரிக்கப்பட்டிருக்கின்றன. ஜோத்பூரில் மிர்ச்சி வடா ஒன்று சாப்பிட்டு, காரம் அடங்க மக்கனியா லஸ்ஸி குடித்தால் மதியச் சாப்பாடு தேவைப்படாது.

ஹவேலி விஷயத்தில் மட்டும் ஜெய்சல்மேரை அடிக்க முடியாது. பட்வா வணிகர்களின் ஐந்து மாளிகைகளில் இருக்கும் கல் செதுக்கலுக்கு ஈடாக ஜோத்பூரில் நான் எதையும் பார்க்கவில்லை. அதற்காகவே போகிறவர்கள் கோட்டைக்கு வெளியே, கீழே ஊருக்குள் அறை எடுங்கள். மொட்டை மாடியிலிருந்து முழுக் கோட்டையும் தெரிகிற அறையாகக் கேட்டு வாங்குங்கள்.