பிரித்துப் போட்ட பிறகு சொல்கிற விலை

மதுரையில் கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஐந்தாறு வருடம் ஓடிய வண்டி வைத்திருப்பவர்கள், 'சஸ்பென்ஷன் செக்கப் இலவசம்' (சஸ்பென்ஷன் என்றால் சக்கரத்தின் குலுக்கலைத் தாங்குகிற பாகங்கள்) என்று போர்டு வைத்த ஒர்க்‌ஷாப்புக்குள் வண்டியை விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் அங்கே நடந்தது ஒரு கடையோடு நிற்கிற வித்தை இல்லை.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட், பெட்ரோல். திருமங்கலத்திலிருந்து வரும்போது ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றிலும் முன்பக்கம் இடதுபுறம் 'கடக் கடக்' என்று சத்தம். ஸ்டீயரிங் இழுக்கவில்லை, பிரேக்கில் குறை இல்லை, சத்தம் மட்டும்தான். நகருக்குள் இருக்கிற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஏசி போட்ட வரவேற்பறை, கையில் டேப்லெட்டோடு ஒரு சூப்பர்வைசர். அவர் முதலில் கேட்டது சத்தத்தைப் பற்றி இல்லை. "எப்ப சார் வண்டி வேணும்?" சனிக்கிழமை உசிலம்பட்டியில் வீட்டு விசேஷம் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார்.

மாலையில் போன் வந்தது. ஷாக் அப்சார்பர் இரண்டு, லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கிற இரும்புக் கை) இரண்டு, லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட், ஸ்டீயரிங் ராக் எல்லாமே போய்விட்டதாம். மொத்தம் 38,600 ரூபாய். எது எவ்வளவு என்று கேட்டேன். "பேக்கேஜ் சார், தனித்தனியா வராது." வேண்டாம், வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "பிரிச்சாச்சே சார். மாட்டணும்னா அதுக்கு லேபர் 3,500 ஆகும். இப்படியே ஓட்டிட்டுப் போய் வழியில வீல் கழண்டுச்சுன்னா எங்களக் கேக்கக் கூடாது."

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. விலை கூடுதலா குறைவா என்பது அப்புறம். விலை சொல்வதற்கு முன்பே வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். அதுவரை நான் நாலு கடை ஏறி இறங்கி விசாரிக்கலாம். அந்த நிமிடத்திலிருந்து முடியாது. பக்கத்து வீட்டு வக்கீல் சொன்னதையும் சேர்த்துக்கொள்கிறேன். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவுப்படி, நாம் ஒப்படைத்த பொருளில் நாம் சொன்ன வேலையைச் செய்து முடித்தவர், அதற்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். சொல்லாத வேலைக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால் எதைச் சொன்னோம், எதைச் சொல்லவில்லை என்பதற்கு எழுத்து ஒன்றும் இல்லையென்றால், சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் நடக்கும். நான் விட்டபோது அவர்கள் எழுதிய ஜாப் கார்டில், அதாவது என்ன வேலை என்று குறிக்கிற தாளில், இருந்தது ஒரே வரி: 'முன்பக்கச் சத்தம், பார்க்கவும்'. பார்ப்பதற்கும் பிரிப்பதற்கும் நடுவில் ஒரு போன் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நேரில் போய்ச் சத்தம் போட்டதில் ஸ்டீயரிங் ராக் மட்டும் திடீரென்று குணமாகிவிட்டது. 'இன்னும் கொஞ்ச நாள் ஓடும் சார்' என்றார்கள். போனில் வீல் கழன்றுவிடும் என்று சொன்ன வண்டி அது. கடைசியில் வந்த பில் 25,429 ரூபாய். ஸ்பேர் பார்ட்ஸ் 15,300, லேபர் 4,500, வீல் அலைன்மென்ட் 900, கன்ஸ்யூமபிள்ஸ் 850, இதற்கெல்லாம் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கன்ஸ்யூமபிள்ஸ் என்றால் என்ன என்று கேட்டதற்கு 'கிரீஸ், வேஸ்ட் துணி' என்றார் கேஷியர். 850 ரூபாய்க்கு நல்ல துணியாகவே எடுத்திருக்கலாம்.

உசிலம்பட்டி போகும்போதே, செக்கானூரணி தாண்டுவதற்குள் அதே இடதுபுறம், அதே கடக் கடக்.

பழங்காநத்தத்தில் ஷெட் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். பள்ளத்தில் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்ரோலில் நனைத்த துணியால் லோயர் ஆர்மைத் துடைத்தார். துணி முழுக்கக் கறுப்பு. அடியில் பழைய துரு, புஷ் (ஆர்மின் முனையில் இருக்கிற ரப்பர்) வெடித்துக் கிடந்தது. "தம்பி, இத மாத்தவே இல்லய்யா. கழுவிட்டுப் பெயிண்ட அடிச்சு விட்ருக்காய்ங்க" என்றார். போல்ட்டைக் காட்டினார். ஸ்பேனர் பட்ட தடமே இல்லை, வருடக்கணக்கான மண் அப்படியே அப்பியிருந்தது. பில்லில் லோயர் ஆர்முக்கு 5,200 ரூபாய்.

ஷாக் அப்சார்பர் புதிதுதான், அதைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பழையதைத் திருப்பிக் கேட்டபோது 'ஸ்கிராப்புக்குப் போயிருச்சு' என்றார்கள். அது கெட்டுத்தான் போயிருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஷாக் போனால் அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி ஒட்டியிருக்கும். வண்டியின் மூலையை அழுத்தி விட்டால் ஒரு தடவை எழும்பி நிற்காமல் இரண்டு மூன்று தடவை ஆடும். நான் வண்டியை விட்ட அன்று இரண்டுமே இல்லை.

பெரியவர் எனக்கு இன்னொன்றும் காட்டிக்கொடுத்தார். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் பால் ஜாயிண்டையோ பேரிங்கையோ பார்க்க வேண்டும். இடதும் வலதுமாகப் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராட், ஸ்டீயரிங் பக்கம். இரண்டும் இறுக்கமாக இருந்து பள்ளத்தில் மட்டும் சத்தம் என்றால் லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்ட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டுமாம். ஐந்து நிமிட வேலை. இதை உங்கள் கண் முன்னால் செய்து காட்டாமல் ஐந்து பொருளை எழுதுகிறவர், சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தேடவில்லை என்று அர்த்தம்.

விலை விவகாரத்துக்கு வருகிறேன். பில்லை எடுத்துக்கொண்டு சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். என் வண்டி டிக்கியில் ஒர்க்ஷாப்பார் விட்டுப்போன லிங்க் ராட் பெட்டி ஒன்று கிடந்தது, அதில் எம்ஆர்பி 950. பில்லில் இரண்டுக்கு 1,900. சரி, எம்ஆர்பி விலைதானே என்று நினைக்கலாம். ஆனால் எம்ஆர்பி என்பது எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதன் மேல் ஜிஎஸ்டி தனியாகப் போட யாருக்கும் உரிமை இல்லை. மற்ற பொருள்களையும் அதே கம்பெனிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்தோம், எல்லாமே எம்ஆர்பி, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம். ஸ்பேர் பார்ட்ஸில் மட்டும் இப்படி 2,754 ரூபாய். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, எம்ஆர்பியிலிருந்து நாங்களே குறைத்துத்தான் கொடுக்கிறோம் என்றார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 22-9-2025 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. அதற்கு முன் அச்சடித்த பெட்டியில் 1,280 என்றிருந்தால், வரிக் குறைப்பின்படி இன்று 1,180 தான் கணக்கு.

வரி வாங்குகிறவர் பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் இருக்க வேண்டும். எண்ணும் எழுத்துமாக 15 இடம், தமிழ்நாடு என்றால் 33-இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் கடை பெயர் வரும். எனக்குக் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட தாள், எண்ணே இல்லை. வாங்கிய 3,879 ரூபாய் வரி எங்கே போனது என்று அரசாங்கம்தான் கேட்க வேண்டும், கேட்கும்படி எழுதியும் போட்டிருக்கிறேன்.

கடைசியில் லோயர் ஆர்ம் இரண்டையும் நானே சிம்மக்கல்லில் 4,100-க்கு வாங்கிக் கொடுத்தேன். பெரியவர் கூலி 1,200. ஆர்ம் மாற்றினால் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும், அதை வெளியே பார்த்துக்கொண்டேன். சத்தம் நின்றுவிட்டது. பெரிய ஒர்க்‌ஷாப் என்றாலே திருட்டு, ஷெட் என்றாலே நேர்மை என்று நான் சொல்லவில்லை. பொருளுக்குப் பெயரும் பார்ட் நம்பரும் போட்டு, விலை தனி, கூலி தனி என்று எழுதி, 'என்னைக் கேட்காமல் பிரிக்கக் கூடாது, பழைய பொருளைத் திருப்பித் தர வேண்டும்' என்று ஜாப் கார்டில் எழுதச் சம்மதிக்கிற இடம் எதுவானாலும் சரி. சம்மதிக்காத இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

துடைத்த துணி, போல்ட், புஷ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அது தீர்ப்பு சொல்கிற இடம் இல்லை, பேசி முடிக்க வழி செய்கிற இடம். கடையிலிருந்து போன் வந்தது. லோயர் ஆர்ம் காசு 5,200-ஐ மட்டும் தருகிறார்களாம், 'பையன் தெரியாமப் பண்ணிட்டான் சார்' என்றார்கள். பெயிண்ட் அடிக்கத் தெரிந்த பையன். அதன் கூலி, வரி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்துக் கேட்டிருக்கிறேன், தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

சமீபத்தில் எங்காவது லோயர் ஆர்ம் மாற்றியிருந்தால், ஒரு துணியில் கொஞ்சம் பெட்ரோல் நனைத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது கீழே குனிந்து துடைத்துப் பாருங்கள். கறுப்பு வந்தால் கழுவுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.